பாட்டியின் உருளியும் ஈயம் பூசும் கடையும்

பரணில் கிடந்த பித்தளை உருளி. வெளியே கறுப்பு, உள்ளே பச்சைக் களிம்பு. எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள் வீட்டில். சுண்டிப் பார்த்தேன், கணீரென்றது. விரிசல் இல்லை. சரி என்று கும்பகோணத்தில் ஈயம் பூசும் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடை ஒரு தகரக் கொட்டகைதான். ஆனால் பெரியவரின் கையைப் பார்க்க வேண்டும்! புளி போட்டுத் தேய்த்து, கரி அடுப்பில் சூடேற்றி, நவச்சாரம் என்ற உப்பைத் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை. அப்புறம் வெள்ளீயத்தை ஓர் இழுப்பு, பஞ்சால் ஒரு சுழற்று. உள்பக்கம் முழுக்க வெள்ளியாக மின்னியது.

விளிம்பில் நெளிவு அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். நேற்று புளிக்குழம்பு வைத்தேன், களிம்பு வாடையே இல்லை. வெறும் உருளியை மட்டும் அடுப்பில் காயவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.