பழம்பொருள் கடையில் ‘ஜோஹன்னைட்’ என்று காட்டப்படும் பச்சைக் கல்லை வாங்காதீர்கள்

கடந்த பங்குனியில் காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் ஜோஹன்னைட் என்னும் யுரேனியக் கனிமம் என்று நம்பி, 6,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கல் போலியானது. கனிமம் சேர்க்கும் ஆர்வமுள்ள மாணவர்களும் அங்கே போய்வருவதால், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கடைக்காரர் முதலில், ஒரு பெரிய வீட்டுச் சாமானோடு வந்ததென்று இளமஞ்சள் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் புற ஊதா விளக்கில் காட்டினார். அது பச்சையாக ஒளிர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கண்ணாடிக்கு யுரேனியத்தால் நிறமேற்றியதுண்டு என்பதால் அதை நான் சந்தேகிக்கவில்லை. பிறகு சுண்டுவிரல் நீளப் பச்சைப் படிகங்கள் ஒட்டிய கல்லை அதே விளக்கில் பிடித்து, “ஐயா, கிண்ணம் இருந்த பெட்டியிலதான் இதுவும் இருந்துச்சு” என்றார். அதுவும் ஒளிர்ந்தது.

ஜோஹன்னைட் என்பது செம்பும் யுரேனியமும் கலந்த, நீரேறிய சல்பேட். இன்று செக் நாட்டிலுள்ள யாஹிமோவ் சுரங்கத்தில் கிடைத்த இதற்கு, ஆஸ்திரிய இளவரசர் யோஹானின் பெயரைக் கனிமவியலாளர் ஹைடிங்கர் 1830இல் சூட்டினார். வெட்டிய சுரங்கத்துக்குள் காற்றும் நீரும் புகும்போது பாறையிலுள்ள பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு சிதைந்து கந்தக அமிலம் உண்டாகிறது. கரையாமல் கிடந்த யுரேனியம் ஆக்சிஜனேற்றமடைந்து யுரேனைல் அயனியாகி அந்த அமில நீரில் கரைகிறது. வழியிலுள்ள செம்புத் தாதுவும் சேர்ந்து கரைய, அந்நீர் சுவரில் கசிந்து வற்றுமிடத்தில், நம் வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதைப் போல, பச்சைப் பொருக்காக இக்கனிமம் படிகிறது. இப்படிப் பிறப்பதன் படிகங்கள் மிகச் சிறியவை. விரல் நீளத்தைக் கண்டதுமே நான் விலகியிருக்க வேண்டும். செம்பு இருப்பதால் இது ஒளிர்வதும் இல்லை என்றே சொல்லலாம். பளிச்சென ஒளிர்வது இதன் உறவான யுரேனோபிலைட். முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கு இவை தெரியும். ஆனாலும் கிண்ணத்தின் ஒளியைக் கண்ட கண், கல்லையும் நம்பிவிட்டது.

சித்திரை வெக்கையில் அலமாரியிலிருந்த கல் வெளிறி, வெண்பொடி பூத்து, ஓரங்களில் துருநிறம் ஏறியது. ஆத்தங்குடிக் கல் தரையில் உதிர்ந்த பொடி ஈரம்பட்டுக் காவிக்கறையாயிற்று; அது இன்னும் போகவில்லை. கல்லூரி ஆய்வகத்திலிருக்கும் என் பழைய மாணவர் கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் கருவியை வைத்தார்: வெறும் மேசைமீது காட்டிய எண்ணிக்கையே கல்லின்மீதும் வந்தது. எடையில் ஏறத்தாழப் பாதி யுரேனியமாக உள்ள கனிமத்திடம் இது நடக்காது. ஒரு துணுக்கைத் தண்ணீரில் கரைத்துப் பொட்டாசியம் பெர்ரிசயனைடு விட்டதும், இரும்பு இருப்பதைக் காட்டும் அடர்நீலம் இறங்கியது. அது நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி, அதாவது இரும்புச் சல்பேட்; ஒளிர்ந்தது மேலே பூசிய சாயம்.

ஒருவேளை அது உண்மையாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலுள்ள யுரேனியத்தை, பொடியாய் உதிரும் கல்லாக, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருப்பார். நானும் பேரப்பிள்ளைகள் விளையாடும் வளவில் அதை வைத்திருப்பேன்.

ரசீது இல்லை. திருப்பிக் கொண்டுபோனபோது “வித்தது வித்ததுதான்” என்றார். அவருடைய கண்ணாடி அலமாரியில் அதே போன்ற கற்கள் இன்னும் மூன்று இருந்தன.