30க்கு 40 சைட்டில் ‘சதுர அடி பேக்கேஜ்’: பெங்களூரு கான்ட்ராக்டர்களின் கொட்டேஷனை நம்பலாமா?

சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி, பொருள், கூலி எல்லாவற்றையும் கான்ட்ராக்டரிடமே விடுவதுதான் ‘சதுர அடி பேக்கேஜ்’. மேஸ்திரி, கம்பி, சிமென்ட் என்று அலையாமல் ஒரே கையெழுத்தில் வேலை ஆரம்பமாகிவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதிதான். ஆனால் கொட்டேஷனின் முதல் பக்கத் தொகையை வைத்து வங்கிக் கடன் கேட்டுவிடாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 அடிக்கு 40 அடி மனையில் தளத்துக்கு 900 சதுர அடி, இரண்டு தளம், சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 36 லட்சம். மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் எழும் தலையறையும் பால்கனியுமாக 220 சதுர அடியை முழு விலையில் சேர்த்தால் 40.4 லட்சம். பொருளோடு சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது தனி என்று கடைசிப் பக்கத்தில் இருந்தால் 47.67 லட்சம்! சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), காம்பவுண்டு சுவர், போர்வெல் இன்னும் வரவே இல்லை. இந்த அளவு சைட்டில் எழும் புது வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கை அதிகம் கடிப்பது அஸ்திவாரத்தில். பேக்கேஜில் 5 அடி ஆழம் என்றிருக்கும். ஏரியை ஒட்டிய, மண் கொட்டி மேடாக்கிய சைட்டில் கெட்டி மண் 8 அடியில்தான் கிடைத்தால், மீதி 3 அடிக்குத் தோண்டு கூலி, கம்பி, கான்கிரீட் எல்லாமே ‘எக்ஸ்ட்ரா’. குழி திறந்து கிடக்கும்போது பேரம் பேச முடியாது. முன்பே மண் பரிசோதனை செய்து, கூடுதல் அடி ஒவ்வொன்றுக்கும் இன்ன விலை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இதற்குச் சம்மதிக்கிற கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 100 ரூபாய் அதிகம் கேட்டாலும் அவரிடமே கொடுக்கலாம்.

டைல்ஸும் அப்படித்தான். பேக்கேஜில் அடிக்கு 60 ரூபாய். கடையில் 110 ரூபாய் டைல்ஸ் பிடித்துப்போனால் 1,500 சதுர அடிக்கு 75,000 ரூபாய் கூடுதல்.

இந்தச் சேவையில் எங்களுக்குத் துளியும் பிடிக்காதது பணம் கட்டும் அட்டவணை. கடைசி மோல்டு (கூரை கான்கிரீட்) போட்டதுமே 70 சதவீதம் கைமாறிவிட்டால், பூச்சு, வயரிங், பிளம்பிங், பெயின்ட் எல்லாம் மீதி 30க்குள் முடிய வேண்டும். வேலை இழுபடுவது அங்கேதான். பூச்சுக்கும் வயரிங்குக்கும் தனித்தனித் தவணை கேளுங்கள். 5 சதவீதத்தை, சாவி வாங்கி ஒரு மழைக்காலம் கழிந்து, மொட்டை மாடி ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள்.