ஹாம்ஸ்டரின் பல்லை நகவெட்டியால் நறுக்க விடாதீர்கள்

முன்பல் நீண்டு வாய்க்குள் வளைந்துபோன ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் (எலி மாதிரிச் சின்ன வளர்ப்புப் பிராணி). வாங்கிய கடையிலேயே, "ரெண்டு நிமிஷ வேலை" என்று நான்கு பற்களையும் நகவெட்டியால் நறுக்கி, ஒரு தாதுக்கட்டியையும் தலையில் கட்டினார்கள். இதைக் கொறித்தால் பல் இனி நீளாதாம். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, ஒரு கண்ணில் நீர் வடிந்தது. அடுத்துப் போன மருத்துவமனையில், கடைவாய்ப் பற்களையும் ராவ வேண்டும் என்று தனிக் கட்டணம் வாங்கினார்கள். முந்தின இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னார்கள். வீக்கத்துக்கு அமாக்ஸிசிலின் சொட்டு மருந்தும் கொடுத்தனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் வயிறு கழிந்து அது செத்துப்போனது.

கடையில் நடந்த நறுக்கலில் இருந்தே கோளாறு தொடங்கிவிட்டது. நகவெட்டி பல்லை இரண்டு பக்கமும் நசுக்கித்தான் வெட்டும். ஹாம்ஸ்டரின் முன்பல் மெல்லிய வளைந்த குழாய் மாதிரி. அழுத்தம் தாங்காமல் நீளவாக்கில் விரிசல் விடும், விரிசல் ஈறுக்குள்ளும் இறங்கும். வெளியே பார்த்தால் பல் ஒழுங்காகக் குட்டையாகியிருக்கும், உள்ளே வேரில் சீழ் பிடித்துக்கொண்டிருக்கும். மேல் முன்பல்லின் வேர் மூக்கை ஒட்டிப் பின்னோக்கிப் போகிறது. அதனால்தான் பல்லில் சீழ் பிடித்தால் கண்ணில் நீர் வடிகிறது. முறையாகச் செய்பவர் நாக்கையும் உதட்டையும் மறைத்துக்கொண்டு, பல் மருத்துவக் கருவியின் சிறிய சுழல் வட்டால் அறுப்பார். பல் சூடேறாமல் இருக்க இடையிடையே நிறுத்துவார். பெரும்பாலும் மயக்க வாயு கொடுத்துத்தான் செய்வார்கள்.

கடைவாய்ப் பல் ராவல் வெறும் ஏமாற்று. ஹாம்ஸ்டருக்கு மொத்தம் 16 பற்கள். வாழ்நாள் முழுக்க வளர்வது முன்னால் இருக்கும் 4 மட்டும்தான். கடைவாயில் இருக்கும் 12 பற்களும் நம் பல்லைப் போல முளைத்தபின் வளராதவை. முயலுக்கும் கினிப் பன்றிக்கும் கடைவாய்ப் பல் வளரும். அந்தப் பழக்கத்தில் இதற்கும் 'ராவினேன்' என்று ரசீது போடுகிறார்கள். கடைவாய்ப் பல் சொத்தையாகலாம், உடையலாம். அப்போது பிடுங்குவதுதான் வழி. எந்தப் பல், ஏன் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஹாம்ஸ்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

உயிரைப் பறித்தது பெரும்பாலும் அந்தச் சொட்டு மருந்தாகத்தான் இருக்கும். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை ஹாம்ஸ்டரின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் பெருகி நச்சைக் கக்கும். வால் அடியில் ஈரம், கழிச்சல், சில நாளில் மரணம். நாய்க்கும் பூனைக்கும் அன்றாடம் தரும் மருந்து என்பதால் கை தன்னால் எழுதிவிடுகிறது. மருந்துச் சீட்டு கைக்கு வந்தவுடன் பெயரைப் படியுங்கள். ஹாம்ஸ்டருக்குச் சாதாரணமாகத் தருவது என்ரோஃப்ளாக்சசின் அல்லது டிரைமெத்தோபிரிம்–சல்ஃபா, வலிக்கு மெலாக்ஸிகாம். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பட்டினியும் தேவையில்லாதது. ஹாம்ஸ்டரால் வாந்தி எடுக்க முடியாது; பட்டினி போட்டால் சர்க்கரை இறங்குவதுதான் மிச்சம். மயக்கம் கொடுக்கும் முன் கன்னப்பையில் தீனி இல்லை என்று பார்த்தால் போதும்.

தாதுக்கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பல் தேய்வது முக்கியமாக மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசுவதால். கூண்டுக் கம்பியைக் கடித்தோ, விழுந்தோ, பிறவியிலோ வரிசை கலைந்துவிட்டால் அந்த உரசல் நின்றுவிடும். அதன்பின் கட்டியோ மரக்குச்சியோ எதுவும் ஈடுகட்டாது. 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை பல்லைக் குறைக்க வேண்டியிருக்கும், அநேகமாக ஆயுள் முழுக்க. 'ஒரே தடவையில் சரி' என்பவரிடம் ஜாக்கிரதை.

இன்னொரு பக்கம், நல்ல பல்லையும் வெட்டிக் காசு பார்ப்பவர்கள் உண்டு. கீழ்ப்பல் மேல்பல்லைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமாக இருப்பது, மஞ்சளாக இருப்பது, கீழ்ப்பற்கள் இரண்டும் சற்று விலகி நிற்பது எல்லாமே இயல்பு. கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: தாடை அடியில் எச்சில் ஈரம், தீனியை எடுத்துவிட்டுக் கீழே போடுவது, கன்னப்பை காலியாகாமல் நாறுவது, எடை குறைவது.

எடைதான் ஏமாற்றாத சாட்சி. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்துவையுங்கள். 120 கிராம் ஹாம்ஸ்டர் 12 கிராம் இழந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை வழக்கமான பெல்லட் தீனியை வெந்நீரில் ஊறவைத்து மசித்துத் தட்டையான மூடியில் வையுங்கள். சில மணி நேரத்தில் புளிக்கும், மாற்றுங்கள். தானாகத் தின்னாவிட்டால் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில், முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில், ஒரு தடவைக்கு 0.1 மில்லி வீதம் விட்டு, விழுங்கியபின் அடுத்தது. உடல் சில்லிட்டுத் துவண்டு கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும், முதலில் கதகதப்பு.

ஏற்கெனவே யாராவது நறுக்கிவிட்டிருந்தால், வெட்டிய முனையில் சிவப்புப் புள்ளியோ ஈறை நோக்கி ஓடும் கோடோ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த மருத்துவரிடம் போகும்போது வெட்டிய தேதி, எடைக் குறிப்பு, கொடுத்த மருந்தின் பாட்டில் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.