மாரோவிண்ட்: வாயால் சொன்ன வழி, காற்றை வெட்டும் வாள்

போன வாரம் தள்ளுபடியில் மாரோவிண்ட் என்கிற கணினி கேமின் விலை இறங்கியதும் நண்பன் கேட்டான்: "ஸ்கைரிம் முடிச்சுட்டேன்டா, இதை வாங்கலாமா? ரொம்பப் பழசாச்சே." ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நான்கு தடவை முதலிலிருந்து ஆடியிருக்கிறேன். இப்போது ஐந்தாவது.

2002-இல் வந்த கேம், ஸ்கைரிமுக்கு முன்னால் அதே வரிசையில் வந்தது. பழைய கிராபிக்ஸ், பெரும்பாலும் எழுத்தாகவே ஓடும் உரையாடல் எல்லாம் அவனுக்குத் தெரியும். இதில் போகவேண்டிய இடத்தைக் காட்ட அம்புக்குறி கிடையாது என்பதுதான் தெரியாது. அடுத்த பாகமான ஆப்லிவியனில், 2006-இல், திசைகாட்டியிலேயே குறி வந்துவிட்டது. மாரோவிண்டில் மனிதர்கள்தான் வழி சொல்வார்கள்.

பால்மோரா என்கிற ஊரில் ஹாஸ்ஃபாட் அன்டபோலிஸ் என்பவர், ட்வெமர் என்கிற மறைந்துபோன இனத்தின் புதிர்ப்பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொல்வார். ஊருக்குத் தெற்கே இறங்கி, ஓடாய் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும்; மூன்மாத் கோட்டைப் பக்கம் கைகாட்டி இருக்கும்; பிறகு மேடேறினால் எரிமலைப் பள்ளத்தாக்குக்கு மேலே பழைய ட்வெமர் பாலம். முதல் தடவை கைகாட்டியைத் தவறவிட்டுப் பள்ளத்தாக்கின் அடியிலேயே நடந்தேன். தலைக்கு மேலே அந்தப் பாலம் போவதைப் பார்த்த கணம் இன்னும் நினைவிருக்கிறது. கதவைத் திறக்க வெளியே ஒரு குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். உள்ளே பெட்டியோ சின்னஞ்சிறு கனசதுரம், அலமாரியில் கிடக்கும். அதற்கே எனக்கு இரண்டு மாலைகள் போயின.

இன்று அந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஸ்கைரிமில் அதைவிட அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். வைட்ரனிலிருந்து ரிஃப்டனுக்கு எந்தப் பாதை என்று கேட்டால் விழிப்பேன். மாரோவிண்டில் பயணமே மனதில் வரைபடமாகப் பதிகிறது. சில்ட் ஸ்ட்ரைடர் என்கிற ராட்சதப் பூச்சியில் ஏறினாலும் நினைத்த ஊருக்கு நேராகப் போக முடியாது. செய்தா நீனிலிருந்து பால்மோரா, அங்கிருந்து ஆல்ட்ரூன், அங்கே மாறி மார் கான். நான் ஒரு நோட்டே வைத்திருக்கிறேன், ஐந்து ஆட்டத்துக்கும் அதே நோட்டு.

இவ்வளவு அருமையான விஷயத்தைச் செய்தவர்கள் சண்டையை ஏன் இப்படி விட்டார்கள்?

வாள் எதிரியின் உடம்பில் புகுந்து வெளியே வருவதைக் கண் பார்க்கிறது. அடி விழவில்லை என்கிறது கேம். உள்ளே பகடை உருளுகிறது. வாள் திறன் 30, சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40 என்று வைத்தால், களைப்பைக் காட்டும் பச்சைக் கோடு நிரம்பியிருக்கும்போது அடி விழும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம். கோடு காலியானால் சுமார் 31. எதிரி விலகும் திறனை இனிமேல்தான் கழிக்க வேண்டும். அந்தக் கோட்டைக் காலிசெய்வது எது? ஓட்டம். அம்புக்குறி இல்லாமல் இடம் தேடுகிறவன் ஓடத்தான் செய்வான். ஓடிக் களைத்த நேரம் பார்த்து கிளிஃப் ரேசர் என்கிற பறக்கும் மிருகம் தாக்க வரும். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது மூன்றாவது ஆட்டத்தில்.

தாளில் பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளிலிருந்து வந்த முறை இது, அங்கே குறையே இல்லை. அங்கே வாளை மனதில்தான் பார்க்கிறோம், தவறியது என்றால் நம்பிவிடலாம். இங்கே கண்ணெதிரே பட்டதை இல்லை என்கிறார்கள். திறன் 60-ஐத் தாண்டினால் இந்தத் தொல்லை குறையும் என்பதும் உண்மைதான். அதுவரை யார் பொறுப்பது?

நேற்று இரவு மார் கானுக்கு வடக்கே உர்ஷிலாகு என்கிற நாடோடிக் கூட்டத்தின் கூடாரங்களைத் தேடிப் போனேன். சாம்பல் புயல், இரண்டு ரேசர்கள், பதினோரு வீச்சில் இரண்டே அடி. செத்தேன். சேவ் செய்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

நண்பனுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவன் அவன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதி அனுப்பிவிட்டு நோட்டைத் திறந்து, அந்தக் கூடாரங்களுக்குப் போகும் வழியை இன்னொரு தடவை படித்தேன். இப்போது மார் கான் வாசலில் நிற்கிறேன். இந்தத் தடவை நடந்தே போகிறேன்.