ஈசூன் வீட்டுக்கு 5,200 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன், நீங்களாவது பார்த்து நடந்துகொள்ளுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் 2,600, முதல் மாத வாடகை 2,600. மொத்தம் 5,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போய்விட்டது.

வாடகை வீடு தேடித் தரும் ஒரு செயலியில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் மூவறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு, எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரம். பேசியவர் நம் ஆள். "ஏஜென்ட் வேண்டாம்ணே, கமிஷன் மிச்சம், நேரா வாங்க" என்றார். போனால் வாசலில் மாவிலைத் தோரணம், கூடத்தில் முருகன் படம். என் மனைவிக்கு டீ போட்டுக் கொடுத்தார். சமையலறையில் ஒழுகும் குழாயை அவரே காட்டி, "நீங்க வர்றதுக்குள்ள மாத்திடறேன்" என்றார். அங்கேதான் விழுந்தேன். குறையைத் தானே சொல்கிறவன் பொய்யா சொல்வான் என்று தோன்றியது.

வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்காமல் இல்லை. "நம்ம வீடுதாண்ணே." அவ்வளவுதான் பதில். டீயைக் குடித்துவிட்டு அடையாள அட்டையை எப்படிக் கேட்பது? இரண்டு தாள் ஒப்பந்தம், ஓராண்டுக்கு. ஒப்பந்தத்துக்காக அரசுக்குச் செலுத்தும் முத்திரைத் தீர்வையைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னார். வழக்கமாக வாடகைக்கு வருகிறவர் கட்டுவது அது. 124 வெள்ளி மிச்சம் என்று மகிழ்ந்தேன், முட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணத்தை அனுப்பினேன். சாவியைக் கொடுத்தார், பூட்டில் போட்டுத் திருப்பினேன், திறந்தது. எனக்கு அதுவே பத்திரம்!

சனிக்கிழமை லாரியோடு போய் நின்றால், உள்ளே ஒரு சீனப் பாட்டி மகனோடு சேர்ந்து சுவரை அளந்துகொண்டிருக்கிறார். வீடு அவருடையது. நம் ஆள் அங்கே வாடகைக்கு இருந்தவர், ஒப்பந்தம் முடிந்து வெள்ளிக்கிழமையே காலி செய்துவிட்டார். தோரணம் மட்டும் காய்ந்து தொங்கியது. பாட்டி மேல் கோபம் வரவில்லை, அவருக்கும் ஒரு மாத வாடகை பாக்கியாம்.

போன் செய்தேன். முதலில் "லைன்ல இருங்கண்ணே", அப்புறம் "திங்கக்கிழமை போட்டுடறேன்", அப்புறம் எடுக்கவே இல்லை. செயலிக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: பயனர்களுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி வேறு. 5,200 வெள்ளியைத் தொலைத்தவனிடம்!

சட்டம் படித்த மச்சினன் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார வைத்துச் சொன்னான். "வீட்டுல இருக்கறது வேற, வீடு உடையவரா இருக்கறது வேற, அத்தான்." வாடகைக்காரருக்கு உள்ளது, பேசிய காலம்வரை குடியிருக்கும் உரிமை மட்டும்தான். தன்னிடம் இல்லாததை அவர் எனக்கு எப்படித் தர முடியும்? நான் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தேன் என்பதால் பாட்டியின் உரிமை குறைந்துவிடாது. ஒப்பந்தம் முடியாமல் இருந்திருந்தாலும், வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை இன்னொருவருக்கு மறுவாடகைக்கு விடவே கூடாதாம். இதில் வேடிக்கை, வீவக வீடு என்பதால் பாட்டியே சட்டப்படி 99 ஆண்டுக் குத்தகைக்காரர்தான். ஆனால் அவர் பெயர் நிலப் பதிவேட்டில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. உரிமையாளர் யார் என்று சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையச் சேவையில் சில வெள்ளி கட்டிப் பாருங்கள். வாடகைக்கு விட வீவக அனுமதி வாங்கியாயிற்றா என்று கேளுங்கள், ஆறு மாதத்துக்குக் குறைவாக விட முடியாது. முகவர் இருந்தால் சொத்து முகவர் மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையால் தொடக் கூடாது, கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சாவியை நம்பாதீர்கள், டீயையும்.

போலீசில் புகார் கொடுத்தாயிற்று. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், 5,200 அதற்குள் அடங்கும் என்றான் மச்சினன். ஆனால் நோட்டீஸ் அனுப்ப எதிராளியின் முகவரி வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒரே முகவரி அந்த ஈசூன் வீடுதான்.