450 ரக ரிமோட் ஹெலிகாப்டர்: டிரிம் பொத்தானைத் தொடாமல் ஒரு நீண்டகால அனுபவம்

"ஹெலி இடப்பக்கம் இழுக்கிறது, டிரிமை எந்தப் பக்கம் தட்ட வேண்டும்?" புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஹெலி ஒரு பக்கம் இழுப்பதைச் சரிக்கட்ட ரிமோட்டில் இருக்கும் சின்னப் பொத்தான்தான் டிரிம். சில ஆண்டுகளாக 450 ரக ஹெலி ஒன்றைச் சென்னையில் பறக்கவிட்டுவரும் என் பதில், டிரிமை நடுவிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான். 325 மி.மீ. பிளேடும் 11.1 வோல்ட் பேட்டரியும் கொண்ட ரகம் இது. திருத்த வேண்டியது ரிமோட்டில் இல்லை, ஹெலியில் இருக்கிறது.

பிளேடுகள் பொருந்தும் ரோட்டர் தலையில், ஹெலியை நிலைப்படுத்தும் ஃப்ளைபார் கம்பி வைத்த பழைய ஹெலிகளில் டிரிம் உதவும். இப்போது அந்தக் கம்பியின் வேலையை, ஹெலி சாய்வதையும் திரும்புவதையும் உணர்ந்து திருத்தும் கைரோ பெட்டி பார்க்கிறது. அந்தப் பெட்டிக்கு டிரிமும், ஹெலியை ஓட்டும் ஸ்டிக்கும் ஒன்றுதான். வலப்பக்கம் இரண்டு தட்டு தட்டினால், சாய்ந்துகொண்டே இரு என்ற கட்டளையாக அதை எடுத்துக்கொள்ளும். ஹெலியும் விடாமல் சாயும்.

இடப்பக்க இழுப்பு பெரும்பாலும் கோளாறே அல்ல. மேலிருந்து பார்த்தால் தலையிலுள்ள பெரிய பிளேடு கடிகாரத் திசையில் சுற்றுகிறது. உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் பிளேடு இடப்பக்கமாகத் தள்ளுகிறது. முழு ஹெலியும் அந்தப் பக்கம் நகரும். எனவே அந்தரத்தில் நிறுத்தும்போது வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தே பிடிக்க வேண்டும்.

உண்மையான வேலை மேசையில்தான். முதலில் மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 முறை சுற்றும் பிளேடு விரலைப் பதம் பார்த்துவிடும். ஸ்டிக்கை நடுவில் வைத்து, பிளேடின் கோணத்தை மாற்றும் சின்ன மோட்டார்களான மூன்று சர்வோக்களின் கைகளும் இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்தக் கம்பிகள் அசைக்கும் வட்டத் தட்டான ஸ்வாஷ்பிளேட்டை மட்டம் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தக் கம்பியின் முனையைக் கழற்றித் திருகுங்கள். எம்2 (2 மி.மீ.) மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.4 மி.மீ. நீளும். எனக்கு ஹெலி விற்ற கடையில் "எல்லாம் செட் செய்து வந்ததுதான் சார்" என்றார்கள். அளந்தபோது ஒரு கம்பி முக்கால் சுற்று நீளமாக இருந்தது.

அடுத்தது பிளேடுத் தடம். ஒரு பிளேடின் நுனியில் சிவப்பு டேப் ஒட்டி, ஹெலியை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். இரு நுனிகளும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். சிவப்புக் கோடு தனியாக மேலே ஓடினால் அந்தப் பிளேடின் இணைப்புக் கம்பி முனையை அரைச் சுற்று திருகிக் கோணத்தைக் குறையுங்கள். தரைக்கு அருகில் இதைப் பார்க்காதீர்கள். பிளேடு தள்ளும் காற்றே தரையில் மோதித் திரும்பி ஹெலியைக் குலுக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள், "அங்கிள், ட்ரோன் போல இது தானாக நிற்காதா?" என்று கேட்டான். "நிற்காது தம்பி, நாம்தான் விடாமல் பிடிக்க வேண்டும்" என்றேன். ஆர்வம் போய் விளையாடப் போய்விட்டான். அதே கேள்வி மனத்தில் உள்ளவர்கள் ட்ரோன் வாங்கிக்கொள்வது நல்லது.

டிரிம் குறை என்று நாம் நினைப்பது சில நேரம் வெறும் காற்று. சென்னையில் நண்பகல் வாக்கில் கடல் காற்று புகுந்துவிடும். நான் விடிந்தவுடனே பறக்கவிட்டு முடித்துவிடுவேன். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம். பிளேடு கிளப்பும் மணல் வாலின் பேரிங்கில் புகுந்துவிடும்; அது தலையிலுள்ள பெரிய பிளேடைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. உப்புக்காற்றிலும் இந்தச் சின்னப் பேரிங்குகள்தான் முதலில் துருப்பிடிக்கின்றன. விரலால் சுற்றும்போது நறநறவென்றால் உடனே மாற்றுங்கள். அந்த அதிர்வு கைரோவைக் குழப்பி வாலை ஆட்டும். விழுந்த பிறகு தண்டுகளைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் எந்த டிரிமும் உதவாது.

கனெக்டர், சாலிடர் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஹெலிக்கே உரிய பாகங்களை ஆன்லைனில் வாங்குகிறேன். தண்டும் பல்சக்கரமும் எப்போதும் கூடுதலாக ஒரு ஜோடி கையிருப்பில் இருக்கும். பேட்டரியைச் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் விட்டுச்செல்லாதீர்கள், உப்பிவிடும். ஒரு வாரம் பறக்கவிடப் போவதில்லை என்றால் ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள்.