அரை மாரத்தானுக்கு அடுத்த வாரம்: கடற்கரைச் சாலையா, சில்வர் பீச் மணலா?

21.1 கிலோமீட்டர் ஓடிய மறுநாளைவிட, பெரும்பாலும் அதற்கடுத்த நாள்தான் தொடை அதிகமாக வலிக்கும். தசை நார்களில் விழும் நுண்ணிய சேதத்தால் வரும் இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அதனால் முதல் மூன்று நாள் நடை மட்டும். நான்காம் நாள் எங்கே ஓடுவது?

கடலூர்க்காரனான எனக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்தான் பக்கம். மணல் மெத்தென்று இருக்கும், மூட்டுக்கு நல்லது என்பார்கள். அதிர்வு குறைவது உண்மைதான். ஆனால் உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். கால் புதையப் புதைய கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கூடுதலாக இழுபடும். களைத்த தசைக்கு இது ஓய்வே அல்ல. சரி, அலை நனைத்த மணல்? கெட்டிதான், ஆனால் சரிவு. ஒரே பக்கத்து இடுப்பில் சுமை ஏறும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை சமதளம். அதிகாலையில் வண்டித் தொல்லை கிடையாது. காந்தி சிலையைத் தாண்டி ஒரு முறை போய் வந்தாலே அந்த நாளுக்குத் தாராளம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். தரை கடினம் என்பது குறைதான். நல்ல ஷூ இருந்தால் சமாளிக்கலாம்.

இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டியிருந்தாலும், ஓட்டத்துக்கு என் தேர்வு சாலைதான். அந்த முதல் மூன்று நாள் மாலை நடைக்கு மட்டும், மணலில் இறங்காமல், சில்வர் பீச் ஓரம்.